மணி அடித்தால் சேவ்

அந்த மருத்துவமனையில் மூன்று லிஃப்டுகள். முதல் இரண்டிலும் ஜனங்களே பட்டனை அழுத்திக்கொண்டு போய்வரலாம். மூன்றாவது, ஸ்ட்ரெச்சர் ஏற்றுகிற பெரிய லிஃப்ட். அதற்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு பெண்மணி. நாற்பத்தாறு வயது, குட்டையான உருவம், அந்த உருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத கனத்த குரல். ஆறு மாடியிலும் எல்லோருக்கும் அவள் 'மூணாம் நம்பர் அக்கா'. சம்பளப் பட்டியலில் அவளுடைய சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாரு, புதுசா சேர்ந்தவங்களா?" என்று கேட்ட நர்சுகள் உண்டு.

தங்கமான மனுஷி என்பார்கள் சிலர். வாய் நீளம் என்பார்கள் சிலர். இரண்டும் உண்மைதான். லிஃப்டுக்குள் சிகரெட்டோடு ஏறப் பார்த்த ஒரு பெரிய அதிகாரியை, "படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்குங்க" என்று அனுப்பி வைத்தவள் அவள்.

ஏழு வருஷத்துக்கு முன்பு அவள் கணவருக்குக் கம்பெனிக் குலுக்கலில் ஒரு பரிசு விழுந்தது. கையில் வைத்து விளையாடுகிற கேம் மெஷின். உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பட்டன்கள், விலாவில் நகத்தளவு மெமரி கார்டு. பார்சல் வேன் ஓட்டுகிற மனுஷன் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? "நீதான் நாள் முழுக்க உக்காந்திருக்கியே, வச்சுக்கோ" என்று மனைவியிடம் தள்ளிவிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதாகச் சொன்னதற்கு அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. ஆனால் மெஷின் அவளிடம் ஒட்டிக்கொண்டது.

அதில் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். மேலிருந்து வண்ணக் கற்கள் விழும், நிறம் பார்த்து அடுக்க வேண்டும். அடுக்கி முடித்தால் அடுத்த லெவல். லெவல்களுக்கு முடிவே கிடையாது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்கு ஓயாத வேலை என்று சொல்ல முடியாது. மாடிகளிலிருந்து அழைக்கிற ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே சில சமயம் நான்கு நிமிஷம் கிடைக்கும், சில சமயம் பதினைந்து. அவளுக்கு முன்னால் அந்த ஸ்டூலில் இருந்தவர் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டார். இவள் கல் அடுக்கினாள்.

அதற்கு அவளே சட்டம் போட்டு வைத்திருந்தாள். லிஃப்டுக்குள் ஆள் இருந்தால் மெஷின் வெளியே வரக் கூடாது. மணி அடித்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கல் பாதியில் தொங்கட்டும், ஜெயிக்க இன்னும் ஒரே கல் பாக்கி இருக்கட்டும், நிறுத்தித்தான் ஆக வேண்டும். சும்மா நிறுத்திப் பையில் போட்டால் பட்டன் எதிலாவது அழுந்தி ஆட்டம் கெட்டுப்போகும், பேட்டரியும் கிழடு. அதனால் ஒவ்வொரு மணிக்கும் மெனுவைத் திறந்து, 'சேமிக்கவா?' என்று அது கேட்க, 'ஆம்' என்று அழுத்தி, அணைத்துப் பையில் போடுவாள். மூன்றே விநாடி. லிஃப்ட் கிளம்பும்போது இரண்டு கையும் காலியாக இருக்கும்.

இப்படியே ஏழு வருஷம் போனது. ஒருநாள் அவள் நாத்தனார் அந்தத் திரையை எட்டிப் பார்த்தாள். கணவரின் தங்கை, கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்.

"அண்ணி, இது என்ன நம்பர்? ஒம்பதாயிரத்து எண்ணூத்தி பன்னெண்டுன்னு போட்டிருக்கு?"

"அத்தனை லெவல் முடிச்சிருக்கேன்."

நாத்தனார் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். இந்த ஆட்டத்துக்கென்றே ஒரு சங்கம் இருந்தது. செயலாளர், கமிட்டி, வருஷத்துக்கு ஒரு பட்டியல் என்று சகலமும் இருந்தன. பட்டியலில் முதலாவதாக இருந்தவர் முடித்தது ஏழாயிரத்துச் சொச்சம். "அண்ணி, நீங்கதான் முதல்!" என்று கடையே அதிரக் கத்திவிட்டு, மெமரி கார்டிலிருந்த சேவ் ஃபைலை அன்றைக்கே சங்கத்துக்கு அனுப்பிவிட்டாள்.

இரண்டு வாரத்தில் பட்டியல் வந்தது. அவள் பெயர், ஆமாம், அந்தச் சம்பளப் பட்டியல் பெயர், அடியில் சிவப்பு எழுத்தில் இருந்தது. பக்கத்தில் நான்கு சொற்கள்: 'நீக்கப்பட்டது. ஃபைலில் மோசடி நடந்துள்ளது.'

முதலில் அவள் சிரித்துத்தான் பார்த்தாள். ஆனால் நாத்தனார் பெருமை தாங்காமல் ஏற்கெனவே பாதி மருத்துவமனைக்குச் சொல்லி வைத்திருந்தாள். மறுநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஆள் லிஃப்டில் ஏறி, "என்னக்கா, எங்க லேப்ல ஏதாவது ரிசல்ட்டை மாத்தணும்னா உங்ககிட்ட வரலாமா?" என்று கேட்டான். கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எதற்கும் பதில் வைத்திருக்கிற அந்த வாய் அன்று திறக்கவில்லை. நாலாவது மாடியில் அவர்களை இறக்கிவிட்டு, கதவை மூடிக்கொண்டு, அவள் அழுதாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது. அந்தக் கோபம் பிறகு மூன்று மாதம் இறங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"ஒவ்வொரு லெவல் முடிஞ்சதும் மெஷின் தானா ஒரு சேவ் போடும்மா," என்றார் அவர், பொறுமையே உருவாக. "ஆகக்கூடி, எத்தனை லெவலோ குறைஞ்சது அத்தனை சேவ் இருந்தாகணும். உங்க ஃபைல்ல லெவல் ஒம்பதாயிரத்து எண்ணூத்தி பன்னெண்டு. சேவ் ஆறாயிரத்து நானூத்தி முப்பத்தொண்ணுதான். இது நடக்கவே முடியாது. யாரோ லெவலை ஏத்தி எழுதியிருக்காங்க."

"யாரோன்னா? நானா?"

"நான் சொல்லலம்மா, ஃபைல் சொல்லுது. அப்பீல் வேணும்னா பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு கமிட்டி கூடுது."

ஆறாயிரம் சேவ்! ஒரு வருஷத்துக்கே அதற்கு மேல் போட்டிருப்போமே என்று அவள் ஆடிப்போனாள். மணி அடித்த ஒவ்வொரு தடவையும் போட்டதெல்லாம் எங்கே போனது?

அன்று சாயங்காலமே நாத்தனாரின் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். "உன்னாலதான் வந்துச்சு, நீயே தீர்த்து வை" என்றாள். கடையில் கேமரா கார்டுகளைப் படிக்கிற கருவி இருந்தது. ஃபைலைத் திறந்தால் எழுத்தும் எண்ணுமாக வரிசை வரிசையாக ஓடியது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அப்படியே அச்செடுத்தாள். பிறகு மெஷினில் ஒரே ஒரு சேவ் போட்டு, மறுபடி அச்செடுத்தாள். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்கள். எல்லா எழுத்தும் ஒன்றோடு ஒன்று பொருந்தி உட்கார்ந்திருந்தது. மூன்றே இடம் இரட்டையாகத் தெரிந்தது.

முதல் இடம் கடிகார நேரம். அது மாறத்தானே செய்யும். இரண்டாவது இடத்தில், அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள். அங்கே எண் சரியாக ஒன்று கூடியிருந்தது. சேவ் எண்ணிக்கை அதுதான். மூன்றாவது கடைசி வரி. அது அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. அது எதற்கு என்று பார்க்க ஒரு நகலெடுத்து, நடுவில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி, கார்டில் போட்டு மெஷினில் செருகினார்கள். 'இந்த ஃபைல் பழுதாகிவிட்டது. அழிக்கவா?' என்று கேட்டது மெஷின். அரக்கு முத்திரை மாதிரி அந்தக் கடைசி வரி. உள்ளே எதைத் தொட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்ப என் ஃபைல் நல்லாத்தானே திறக்குது? யாரும் தொடலன்னுதானே அர்த்தம்?"

"ஆனா சேவ் எண்ணிக்கை ஏன் அண்ணி குறைச்சலா இருக்கு?"

அதற்குத்தான் விடை இல்லை. பத்து நாள் அந்தத் தாள்களைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினாள். பதினோராம் நாள், விடை வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. அவள் கணவர் தன் பழைய ஸ்கூட்டரை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு, "நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கா? வண்டியைப் பார்த்தா அப்படித் தெரியலையே!" என்றார். மனுஷன் கூசாமல், "அதிகம் எடுக்கறதே இல்லைங்க" என்றார்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் இவள் உள்ளேயிருந்து. "மீட்டர் தொண்ணூத்தொம்பதாயிரத்து சொச்சம் வரைக்கும் போயி, திரும்ப சைபர்லேர்ந்து ஓடுது."

சொன்னவள் அப்படியே நின்றாள். வாங்க வந்தவர் போய்விட்டார். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

ஃபைலில் அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கியிருந்தது இரண்டே கட்டம். ஒரு கட்டத்துக்கு இருநூற்றைம்பத்தாறு நிலை. நாத்தனார் தேடிப் படித்துச் சொன்னாள். இரண்டையும் பெருக்கினால் அறுபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு. அந்தத் தடவை சேவ் போட்டதும் மீட்டர் சுற்றிக்கொண்டு சைபருக்கு வந்துவிடும். அதற்கு மேல் எவள் சேவ் போடப் போகிறாள் என்று அந்த ஆட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். அவர்கள் ஸ்ட்ரெச்சர் லிஃப்டைப் பார்த்ததில்லை. அதோடு ஃபைல் காட்டிய ஆறாயிரத்து நானூற்று முப்பத்தொன்றையும் காகிதத்தில் கூட்டிப் பார்த்தாள். எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. அவளுடைய உண்மையான எண்ணிக்கை அதுதான்.

விளக்கமாக ஒரு கடிதம் எழுதினாள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. 'எழுபதாயிரம் தடவைக்கு மேல் ஒருவர் சேவ் செய்திருப்பார் என்பது நம்பும்படியாக இல்லை. எண்ணிக்கை சைபருக்குத் திரும்பும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. ஃபைல் முத்திரையை உடைக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கமிட்டியில் நேரில் நிரூபிக்கலாம்.'

"நிரூபிக்கறேன்," என்றாள். "புது ஆட்டம் ஒண்ணு ஆரம்பிச்சு, அறுபத்தஞ்சாயிரம் தடவை கையாலயே சேவ் போட்டுக் காட்டறேன்."

கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "உனக்குப் பைத்தியமா? சரி, சேவ் போடறது கூட இருக்கட்டும். எழுபதாயிரம் தடவை எங்க வச்சு ஆடினேன்னு கேப்பானே? ட்யூட்டி நேரத்துலன்னு சொல்லுவியா? சூப்பிரண்டு காதுக்குப் போகாதா? வேலை போயிடும்மா."

"சொல்லுவேன்."

"ஒரு பட்டியலுக்காகவா?"

"பட்டியலுக்காக இல்லைங்க. மோசடின்னு எழுதியிருக்கான். என் பேருக்குப் பக்கத்துல. அதை வச்சுக்கிட்டு நான் எப்படி லிஃப்ட்ல உக்கார்றது?"

அவர் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

ஆரம்பித்தாள். மெனு, 'சேமிக்கவா?', 'ஆம்'. மெனு, 'சேமிக்கவா?', 'ஆம்'. காலையில் பஸ்ஸில், சாயங்காலம் பஸ்ஸில், அடுப்பில் கொதி வருவதற்குள், ரேஷன் வரிசையில். ட்யூட்டி நேரத்தில் மட்டும் ஒன்றுகூடப் போடவில்லை. அந்த நேரத்தில் பழைய ஆட்டம்தான், பழைய சட்டம்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் ரிப்பேரா, திரும்பத் திரும்ப அதையே அழுத்தறீங்களே?" என்று கேட்டாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, மனுஷங்கதான் ரிப்பேர்" என்று பதில் வந்தது. வாய் திரும்பிவிட்டது.

இருபத்து மூன்றாயிரம் தாண்டியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேவ் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கிழட்டு பேட்டரி செத்துப்போனது. திரும்ப உயிர் கொடுத்துப் பார்த்தால், 'இந்த ஃபைல் பழுதாகிவிட்டது. அழிக்கவா?' பாதி எழுதிய ஃபைலுக்கு முத்திரை ஏது? மெஷினைத் தூக்கிச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினாள். கணவர் பிடித்துக்கொண்டார். அவர்தான், விற்காமல் போன ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் போய், ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, ஒரு புது பேட்டரி வாங்கிவந்து போட்டார். "ஆரம்பி," என்றார். "இந்தத் தடவை நகல் எடுத்து வை, அறிவு இருந்தா." அறிவு இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல். அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

கமிட்டிக்கு மிச்சம் இருந்தது ஆறு வாரம். கட்டைவிரல் வீங்கியது. எலும்பு டாக்டர் லிஃப்டில் வைத்தே பார்த்துவிட்டு, "ரெஸ்ட் குடுங்க" என்றார். இடது கட்டைவிரலுக்கு மாறினாள். நாத்தனார் தானும் போடுவதாகச் சொன்னாள், விடவில்லை. "நாளைக்கு யார் போட்டதுன்னு கேட்டா, எல்லாம் நான் போட்டதுன்னு சொல்லணும்."

கமிட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி அறையில் கூடியது. மேஜைக்குப் பின்னால் செயலாளர். பக்கத்தில் ஃபைல்களைப் பரிசோதிக்கிற கண்ணாடிக்காரர், அவர் முன்னால் ஒரு கம்ப்யூட்டர். எதிரே இருபது முப்பது ஆட்டக்காரர்கள், எல்லாம் இளவட்டம். வேலைக்குப் போகிற அதே சீருடையில், நாத்தனாரோடு அவள் உள்ளே நுழைந்தாள். யாரோ கொல்லென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது.

கார்டை எடுத்துக் கண்ணாடிக்காரரிடம் நீட்டினாள். "புது ஆட்டம். ஒரு லெவல்கூட ஆடல. சேவ் மட்டும்தான். எத்தனைன்னு படிங்க."

அவர் செருகிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். "அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பது," என்றார் மெல்ல. "முத்திரை சரியா இருக்கு."

"ஆறு பாக்கி வச்சிருக்கேன்," என்றாள். கார்டை மெஷினில் போட்டு, மெஷினைச் செயலாளர் முன்னால் வைத்தாள். "அதை நீங்களே போடுங்க. நான் தொட மாட்டேன்."

செயலாளர் தயங்கினார். அறையில் எல்லோரும் எழுந்து மேஜையைச் சுற்றி வந்துவிட்டார்கள். அவர் அழுத்த அழுத்த, பின்னாலிருந்து இளவட்டங்கள் சத்தமாக எண்ணினார்கள். ஆறு ஆனது. கண்ணாடிக்காரர் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினார்.

"சைபர்," என்றார்.

அறையில் ஒரே கூச்சல். செயலாளர் மட்டும் தோற்றுப்போக மனசில்லாமல், "சரிம்மா, மீட்டர் சுத்துது, ஒத்துக்கறேன்," என்றார். "ஆனா நிஜமா ஆடும்போது எழுபத்தோராயிரம் தடவை யாரும்மா சேவ் போடுவாங்க? எங்க வச்சு?"

நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில. மூணாம் நம்பர் லிஃப்ட்ல. என் ட்யூட்டி நேரத்துல. எழுதிக்குங்க," என்றாள். "மணி அடிக்கும், நான் சேவ் போடுவேன்."

எழுதிக்கொண்டார்கள். சிவப்பு எழுத்து எடுக்கப்பட்டது, அவள் பெயர் பட்டியலின் தலைக்குப் போனது. ரத்தப் பரிசோதனைக் கூடத்து ஆள் லிஃப்டில் ஏறி, தரையைப் பார்த்துக்கொண்டு, "சாரிக்கா" என்றான். "எந்த மாடி?" என்று மட்டும் கேட்டாள். அதே பட்டியல், லிஃப்ட் கதையோடு சேர்ந்து, நாலே நாளில் கண்காணிப்பாளர் மேஜைக்கும் வந்து சேர்ந்தது. ஐந்தாம் நாள் கூப்பிட்டனுப்பினார்.

"ட்யூட்டியில கேம் ஆடினது உண்மையா?"

"உண்மை சார்."

"எழுபத்தோராயிரம் தடவை?"

"அது ஆடின எண்ணிக்கை இல்ல சார்," என்றாள். "அதுல ஒம்பதாயிரத்து எண்ணூத்தி பன்னெண்டு மெஷின் தானா போட்டது. அதைக் கழிச்சிடுங்க. மிச்சம் அறுபத்தி ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்தஞ்சு. அத்தனை தடவை மணி அடிச்சுது, அத்தனை தடவை நான் நிறுத்திட்டு வந்தேன். ஒரு தடவை லேட்டா வந்தேன்னு ஆறு மாடியில எந்த வார்டுலயாவது சொல்லச் சொல்லுங்க, இப்பவே லிஃப்ட் சாவியைக் குடுத்துடறேன்."

கண்காணிப்பாளர் கெட்ட மனுஷர் இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. மன்னிச்சிடுங்க, இனிமே நடக்காதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இதோட விட்டுடறேன். இல்லேன்னா எச்சரிக்கைன்னு உங்க பணிப் பதிவேட்டுல ஏத்தணும். ரிட்டயர் ஆகற வரைக்கும் நிக்கும்."

அவள் யோசித்த மாதிரியே தெரியவில்லை.

"ஏத்திடுங்க சார்."

"மன்னிப்பு ஒரு வரிதாம்மா."

"மன்னிப்பு கேக்கற மாதிரி நான் எதுவும் செய்யல. ஆடினேன், அதை எழுதுங்க. ஆனா பாதியை எழுதிட்டு பாதியை விடக் கூடாது. எத்தனை தடவை நிறுத்தினேன்னு அந்த எண்ணிக்கையும் கூடவே ஏறணும். முழுசா."

அவர் மணியடித்து எழுத்தரைக் கூப்பிட்டு, பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்: 'பணி நேரத்தில் கைக்கருவியில் விளையாடியதற்காக எச்சரிக்கப்படுகிறார். லிஃப்ட் அழைப்பு வந்த 62,115 தடவையும் ஆட்டத்தை நிறுத்திப் பணிக்குத் திரும்பியுள்ளார்.' கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

அவள் பேனாவை வாங்கவில்லை. குனிந்து படித்தாள்.

"நாப்பது குறையுது," என்றாள். "நூத்திப் பதினஞ்சு இல்ல, நூத்தி அம்பத்தஞ்சு."

எழுத்தர் அதை அடித்து மேலே சரியான எண்ணை எழுதினார். கண்காணிப்பாளர் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். அதன் பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.